டெர்மினலே, நீ யார்?



கம்ப்யூட்டரில் ஒரு கருப்பு ஜன்னல் திறந்து அதற்குள் எழுத்துக்கள் மட்டும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு அது தினமும் பழகிய இடம். மற்றவர்களுக்கு, சினிமாவில் ஹேக்கர் தட்டுகிற திரை. அதன் பெயர் டெர்மினல். இந்தப் பதிவு அதைப் பற்றியது. பி.காம். படிக்கிற ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேரேடும் வரும், ஒப்பந்தச் சட்டமும் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

சின்னக் கேள்வி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். அது திரையைத் துடைத்துவிட்டு, 5-வது வரியில் 10-வது இடத்தில் உங்கள் பெயரை எழுத வேண்டும். எப்படி?

திரையைத் துடைக்க ஒரு ஃபங்ஷன் இருக்குமே என்று தோன்றும். சி மொழியின் அடிப்படை நூலகத்தில் அப்படி எதுவும் கிடையாது. காரணம், அந்த மொழி பிறந்த காலத்தில் கம்ப்யூட்டர் ஓர் அறையில் இருந்தது, நீங்கள் உட்காரும் கருவி வேறு அறையில் இருந்தது. நடுவில் ஓடியது ஒரே கம்பி. அந்தக் கம்பியில் எழுத்துக்களைத் தவிர வேறு எதுவும் போகாது. "திரையைத் துடை" என்ற கட்டளையும் ஏதோ சில எழுத்துக்களாகத்தான் போக வேண்டும். எந்த எழுத்துக்கள் என்பது அந்தப் பக்கம் இருக்கும் கருவி எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்தது.

ஆக, புரோகிராமுக்கு முதலில் தெரிய வேண்டியது "அந்தப் பக்கம் இருப்பது யார்?" என்பது. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, நேரடியாகக் கேட்பது. இன்னொன்று, ஏற்கெனவே எழுதி வைத்த பேரேட்டில் பார்ப்பது. டெர்மினல்களின் வரலாறு இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே போய்விட்டுத் திரும்பி வந்த கதை.

டெலக்ஸ் காலத்துக் கேள்வி

டெர்மினலுக்கு முன்னோடி டெலிபிரின்டர். ஓர் ஊரில் தட்டினால் இன்னோர் ஊரில் காகிதத்தில் அச்சாகும் தட்டச்சு இயந்திரம். டெலக்ஸ் சேவை ஓடியது இதை வைத்துத்தான். வியாபாரிகளுக்கு இதில் ஒரு பெரிய கவலை இருந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லாத நேரத்திலும் இயந்திரம் தானாக அச்சிட்டுக்கொள்ளும். சரி, ஆனால் போய்ச் சேர்ந்தது சரியான இயந்திரத்துக்குத்தானா?

அதற்காகவே ஒரு சிக்னல் வைத்திருந்தார்கள். அதன் அர்த்தமே "நீ யார்?" என்பதுதான். அந்த சிக்னல் வந்தவுடன், எதிர்ப்பக்க இயந்திரம் யாரும் தொடாமலே தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். இதற்கு ஆன்சர்பேக் என்று பெயர். செய்தியின் ஆரம்பத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை இதை வாங்கிக்கொண்டால், நடுவில் லைன் அறுந்துபோகவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

பிசினஸ் லா பேப்பர் படித்தவர்களுக்கு 1955-ம் வருட எண்டோர்ஸ் வழக்கு ஞாபகம் இருக்கும். லண்டன் கம்பெனி டெலக்ஸில் ஆஃபர் அனுப்பியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெலக்ஸிலேயே சம்மதம் வந்தது. ஒப்பந்தம் எந்த ஊரில் உருவானது? தபாலில் என்றால் கடிதத்தைப் பெட்டியில் போட்ட உடனேயே சம்மதம் முடிந்துவிடுகிறது. டெலக்ஸ் அப்படியல்ல, சம்மதம் வந்து சேர்ந்த இடத்தில்தான் ஒப்பந்தம், எனவே அது லண்டன் என்றார் நீதிபதி டென்னிங். உடனுக்குடன் பேசும் கருவிகளில், செய்தி போய்ச் சேராவிட்டால் அனுப்பியவருக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது அதன் பின்னால் இருந்த நியாயம். அப்படித் தெரிந்துகொள்ள டெலக்ஸில் உதவிய விஷயங்களில் ஒன்று இந்த ஆன்சர்பேக்.

1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 இயந்திரத்திலும் இது இருந்தது. உள்ளே ஒரு சின்ன உருளை. அதில் சீப்பு மாதிரி பற்கள். தேவையான பற்களை உடைத்து எடுத்தால் சுமார் 20 எழுத்துக்களில் அந்த இயந்திரத்தின் பெயரைப் பதிந்து வைக்கலாம். ஆஸ்கி எழுத்துத் தொகுப்பிலும் 5-ம் எண் "நீ யார்?" என்ற இந்தக் கேள்விக்காகவே ஒதுக்கப்பட்டது.

1969-ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்தபோது அதோடு பேசப் பயன்பட்டது இந்த மாடல் 33 தான். இன்றைக்கும் யூனிக்ஸில் டெர்மினலுக்கு "டிடிஒய்" என்று பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம். ஆனால் யூனிக்ஸ் புரோகிராம்களுக்கு "நீ யார்?" என்று கேட்கும் தேவை அப்போது பெரிதாக எழவில்லை. காகிதத்தில் துடைக்க என்ன இருக்கிறது? நொடிக்கு 10 எழுத்து அச்சாகும், வரிக்கு 72 எழுத்து, வரி முடிந்தால் காகிதம் மேலே நகரும். அவ்வளவுதான். எல்லா இயந்திரமும் ஏறக்குறைய இப்படியே நடந்துகொண்டதால் யார் என்று தெரியாமலே காலம் ஓடியது.

கண்ணாடித் திரையும் பல மொழிகளும்

1970-களில் காகிதத்தின் இடத்துக்குத் திரை வந்தது. திரையில் எழுதியதை அழிக்கலாம், கர்சரை எங்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். வந்தது வினை. ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனித்தனியாக ஒரு பாஷை வைத்தது.

நம் பழைய உதாரணத்தையே எடுப்போம். 5-வது வரி, 10-வது இடம்.

லியர் சீக்ளர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ டெர்மினலுக்கு எஸ்கேப் எழுத்து, அடுத்து = குறி, அடுத்து $ குறி, அடுத்து ) குறி அனுப்ப வேண்டும். அது என்ன டாலர்? வரி எண்ணை பூஜ்யத்திலிருந்து எண்ணி அதோடு 32-ஐக் கூட்டி, அந்த எண்ணுக்குரிய ஆஸ்கி எழுத்தை அனுப்ப வேண்டும். 4-ம் 32-ம் 36. அது $. 9-ம் 32-ம் 41. அது ).

டெக் கம்பெனியின் விடி52-க்கும் இதே கணக்குதான், ஆனால் = குறிக்குப் பதில் ஒய் எழுத்து.

ஹேஸல்டைன் 1500 என்ற டெர்மினலில் எஸ்கேப்புக்குப் பதில் ~ குறியை வைத்தே கட்டளையை ஆரம்பிக்கலாம். அதிலும் வரிக்கு முன்னால் இடத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும், அதாவது தலைகீழ் வரிசை. இன்னொரு கூத்து, ~ குறியைக் கட்டளையின் ஆரம்பமாக எடுத்துக்கொள்வதால், அந்தக் குறியைத் திரையில் சாதாரணமாகக் காட்டவே முடியாது.

1978-ல் டெக் வெளியிட்ட விடி100-ல் கதை மறுபடி மாறியது. எஸ்கேப், அடுத்து [ குறி, அடுத்து 5;10, கடைசியில் ஹெச். எண்களை எண்களாகவே எழுதலாம், கூட்டல் வேண்டாம், பூஜ்யத்திலிருந்து எண்ணவும் வேண்டாம்.

இப்போது புரோகிராம் எழுதுகிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஏடிஎம்-3ஏ-வுக்கு எழுதினால் ஹேஸல்டைனில் திரை முழுக்கக் குப்பை. இரண்டுக்கும் எழுதினால் அடுத்த வாரம் மூன்றாவது ஒன்றை யாராவது வாங்கி வைப்பார்கள். நேரடியாகக் கேட்கலாமே என்றால், எல்லா டெர்மினலும் பதில் சொல்லாது. சொன்னாலும் ஒரே பாஷையில் சொல்லாது. கேள்வியையே எந்த பாஷையில் கேட்பது என்று தெரிய, அது யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்! கோழியா முட்டையா கதை.

பில் ஜாய் திறந்த பேரேடு

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற முதுநிலை மாணவர் ஒரு எடிட்டர் எழுதிக்கொண்டிருந்தார். அதுதான் பின்னால் "விஐ" என்று புகழ்பெற்றது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ-வில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐ-யில் இன்று வரை கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துக்கள் இருப்பது அதனால்தான்.

அவருடைய பிரச்சினை வேகம். வீட்டிலிருந்து 300 பாட் மோடத்தில் வேலை செய்தார். நொடிக்கு 30 எழுத்து. 24 வரி, 80 இடம் உள்ள திரையில் மொத்தம் 1,920 எழுத்து. முழுத் திரையையும் மறுபடி எழுத 64 நொடி! ஒரு வரியை நீக்கியதற்கெல்லாம் ஒரு நிமிடம் காத்திருக்க முடியுமா? டெர்மினலுக்கே "இந்த வரியை நீக்கு" என்ற கட்டளை தெரிந்திருந்தால் சில எழுத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தத் திறமை சில டெர்மினல்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆகவே விஐ-க்குத் தெரிய வேண்டியது பாஷை மட்டும் அல்ல. எதிரே இருப்பதற்கு என்னென்ன வரும், என்னென்ன வராது என்பதும்தான்.

அவர் செய்த வேலை, இந்த விவரங்களைப் புரோகிராமிலிருந்து வெளியே எடுத்தது. 1978 வாக்கில் உருவான அந்தப் பேரேட்டின் பெயர் டெர்ம்கேப். 1979-ல் பெர்க்லி வெளியிட்ட 2பிஎஸ்டி தொகுப்பில் விஐ-யோடு இதுவும் வந்தது.

பேரேடு என்று சும்மா சொல்லவில்லை. அமைப்பே அப்படித்தான். ஒரே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். டெர்மினல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கணக்கின் தலைப்பில் பெயர்கள். கீழே இரண்டிரண்டு எழுத்துக் குறியீடுகளில் பதிவுகள். "சிஓ" என்றால் ஒரு வரிக்கு எத்தனை இடம். "எல்ஐ" என்றால் எத்தனை வரி. "சிஎல்" என்றால் திரையைத் துடைக்கும் கட்டளை. "சிஎம்" என்றால் கர்சரை நகர்த்தும் கட்டளை. ஹேஸல்டைனுக்காகவே "ஹெச்இசட்" என்று ஒரு குறியீடு உண்டு: இதற்கு ~ குறியைக் காட்டத் தெரியாது, ஜாக்கிரதை! ஒரு டெர்மினல் இன்னொன்றின் சாயல் என்றால், வித்தியாசத்தை மட்டும் எழுதிவிட்டு "மீதிக்கு இன்ன கணக்கைப் பார்க்கவும்" என்று குறிப்புப் போடவும் வசதி இருந்தது.

சி புரோகிராம் இதை எப்படிப் பார்க்கும்? முதலில் டிகெட்என்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு டெர்மினலின் பெயரைக் கொடுக்க வேண்டும். பதில் 1 என்றால் கணக்கு கிடைத்தது. 0 என்றால் பேரேடு இருக்கிறது, அந்தப் பெயரில் கணக்கு இல்லை. கழித்தல் 1 என்றால் பேரேட்டையே திறக்க முடியவில்லை. அதற்கப்புறம் எண் வேண்டுமானால் டிகெட்நம், ஆமாம்-இல்லை பதில் வேண்டுமானால் டிகெட்ஃபிளாக், கட்டளை வேண்டுமானால் டிகெட்எஸ்டிஆர். கர்சர் கட்டளையில் வரி எண்ணையும் இட எண்ணையும் பொருத்தித் தர டிகோட்டு. அந்த 32-ஐக் கூட்டும் கணக்கும், ஹேஸல்டைனின் தலைகீழ் வரிசையும் பேரேட்டிலேயே எழுதியிருக்கும். புரோகிராம் எழுதுகிறவர் வரி எண்ணையும் இட எண்ணையும் சொன்னால் போதும்.

கடைசியாக எழுத்துக்களை அனுப்ப டிபுட்ஸ். இதற்கு ஏன் தனி ஃபங்ஷன்? அக்காலத்து டெர்மினல் திரையைத் துடைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த எழுத்து வந்தால் தவறவிட்டுவிடும். அதனால் பேரேட்டில் விடி100-ன் துடைக்கும் கட்டளைக்கு முன்னால் 50 என்று ஓர் எண் இருக்கும். 50 மில்லிசெகண்ட் பொறு என்று அர்த்தம். 9600 பாட் லைனில் நொடிக்கு 960 எழுத்து போகும் என்பதால் 48 வெற்று எழுத்துக்களை அனுப்பி டிபுட்ஸ் நேரத்தைக் கடத்தும். கருவியின் திறமை மட்டுமல்லாமல் அதன் பலவீனமும் கணக்கில் ஏறியிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பெயரை யார் சொல்வது?

கவனித்தீர்களா? இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது. டிகெட்என்ட்டுக்குக் கொடுக்கும் அந்தப் பெயர். அது எங்கிருந்து வருகிறது?

"டெர்ம்" என்ற சூழல் மாறியிலிருந்து. அதில் யார் எழுதி வைப்பார்கள்? கம்ப்யூட்டரோடு நேராக இணைந்த லைன்களுக்கு, எந்த லைனில் எந்த டெர்மினல் என்று நிர்வாகி ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பார். போன் லைனில் வருகிறவர்களுக்கு அது சரிப்படாது, எந்த வீட்டிலிருந்து எந்தக் கருவியில் வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு டிசெட் என்ற புரோகிராம் மனிதரையே கேட்டது. "டெர்ம் = ஏடிஎம்3ஏ?" என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். ஆமாம் என்றால் என்டர் தட்ட வேண்டும், இல்லையென்றால் சரியான பெயரைத் தட்ட வேண்டும்.

அதாவது டெலக்ஸில் இயந்திரம் தானே சொன்ன பதிலை, இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் சொன்னார். பேரேடு எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தாலும், வந்து நிற்பவர் தப்பான பெயரைச் சொன்னால் தப்பான கணக்குத்தான் திறக்கும். பெயர் உண்மையா என்று பேரேட்டுக்குச் சோதிக்கத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேரேடு வளர்ந்தது

விஐ-க்குள் கர்சரைச் சிக்கனமாக நகர்த்தும் பகுதி நன்றாக வேலை செய்தது. பெர்க்லியிலேயே இருந்த கென் ஆர்னால்ட் அதை வெளியே எடுத்து, எல்லாரும் பயன்படுத்தும் நூலகமாக்கினார். அதன் பெயர் கர்சஸ். கர்சர் என்ற சொல்லையும் சாபம் என்ற சொல்லையும் வைத்து ஒரு சிலேடை. 1980 வாக்கில் மாணவர்கள் எழுதிய ரோக் என்ற நிலவறை விளையாட்டு இதை வைத்துத்தான் திரையில் ஓடியது.

டெர்ம்கேப்பில் குறைகள் இருந்தன. ஒரே ஃபைலை மேலிருந்து தேட வேண்டும், அதனால் அதிகம் பயன்படும் டெர்மினல்களை மேலே தூக்கி வைப்பார்கள். ஒரு கணக்கு 1,024 பைட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டெழுத்துக் குறியீடுகளும் தீர்ந்துகொண்டே வந்தன.

பெர்க்லியில் ஆய்வு முடித்து பெல் லேப்ஸுக்குப் போன மேரி ஆன் ஹார்ட்டன் 1980-களின் ஆரம்பத்தில் இதைத் திருத்தி எழுதினார். டெர்ம்இன்ஃபோ என்று பெயர். 1984-ல் ஏடி அண்ட் டி வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் இரண்டாம் வெளியீட்டில் வந்தது. ஒரு டெர்மினலுக்கு ஒரு ஃபைல், முன்கூட்டியே தொகுத்து வைத்த வடிவில். ஃபைல்கள் பெயரின் முதல் எழுத்துப்படி தனித்தனி ஃபோல்டரில். நம்ம பேரேட்டின் ஓரத்தில் அகரவரிசைக்கு வெட்டி வைப்பார்களே, அதே யோசனை.

பதில் சொல்லும் விதத்திலும் ஒரு நுணுக்கம் கூடியது. டிஐகெட்நம் என்ற ஃபங்ஷனிடம் ஓர் எண் கேட்டால், கழித்தல் 1 வந்தால் "இந்த டெர்மினலுக்கு அது இல்லை" என்று அர்த்தம். கழித்தல் 2 வந்தால் "நீ கேட்டது எண் பதிவே அல்ல" என்று அர்த்தம். ஒருவருக்குக் கணக்கில் பாக்கி இல்லை என்பதும், அப்படி ஒரு கணக்குத் தலைப்பே கிடையாது என்பதும் வேறு வேறு இல்லையா? இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதிய சி புரோகிராம்கள் தடுக்கி விழும். குறிப்பாகக் கட்டளைகளைத் தரும் டிஐகெட்எஸ்டிஆர், தப்பான கேள்விக்குக் கழித்தல் 1-ஐ முகவரி வடிவில் திருப்பித் தரும். அது காலியா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்த முகவரியைத் திறந்தால் புரோகிராம் அங்கேயே படுத்துவிடும்.

ஏடி அண்ட் டி-யின் கோடு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1982-ல் பாவெல் கர்ட்டிஸ் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு மாற்று எழுத ஆரம்பித்தார். 1990-களின் ஆரம்பத்தில் ஸெய்து பென்-ஹலீம் அதை எடுத்துத் தொடர, 1993-ல் என்கர்சஸ் என்று வெளியானது. எரிக் ரேமண்ட் பேரேட்டையே பெரிதாக ஒழுங்குபடுத்தினார். அதற்குப் பிறகு பல வருடங்களாகப் பராமரித்து வருபவர் தாமஸ் டிக்கி. லினக்ஸில் இந்த நூலகம் இல்லாத கம்ப்யூட்டரைப் பார்ப்பது அபூர்வம். அதன் பேரேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெர்மினல்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் இன்று மியூசியத்தில்கூடக் கிடைக்காதவை.

எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னபோது

இதற்கிடையே டெர்மினல்களே மாறின. 1979-ல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி கட்டளைகளுக்கு ஒரு பொதுத் தரம் கொண்டுவந்தது. விடி100 ஏறக்குறைய அந்த வழியில் பேசியது, நன்றாக விற்கவும் விற்றது. மற்ற கம்பெனிகளும் விடி100 மாதிரியே பேசும் கருவிகளைச் செய்தன. பிறகு கருவியே மறைந்து, டெர்மினல் என்பது ஒரு மென்பொருள் ஜன்னலாக ஆனது. 1984-ல் தோன்றிய எக்ஸ்டெர்ம் அதில் முக்கியமானது.

அதன் பின் வந்த டெர்மினல் மென்பொருள் எழுதியவர்களின் முன்னால் ஒரு கேள்வி. உண்மையான பெயரைச் சொல்வதா? சொன்னால் பேரேட்டில் கணக்கு இருக்காது. எக்ஸ்டெர்ம் என்று பொய் சொன்னால் எல்லாம் ஓடும். பலரும் பொய்யையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று பல டெர்மினல்களில் "டெர்ம்" என்னவென்று பார்த்தால் "எக்ஸ்டெர்ம்-256கலர்" என்றே வரும், அது எக்ஸ்டெர்மாக இல்லாவிட்டாலும்.

உண்மை சொல்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? 2017-ல் வெளிவந்த கிட்டி என்ற டெர்மினல் "எக்ஸ்டெர்ம்-கிட்டி" என்று தன் சொந்தப் பெயரைச் சொல்கிறது. அதிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் ஒரு பழைய சர்வருக்குப் போனால், பெயரும் கூடவே போகிறது, கணக்கு போவதில்லை. "தெரியாத டெர்மினல் வகை" என்று சர்வர் கையை விரித்துவிடும். பொய் சொல்கிறவருக்கு ராஜ உபசாரம், உண்மை சொல்கிறவருக்கு வாசலிலேயே நிறுத்தம்!

பொய்க்கும் விலை உண்டு. எக்ஸ்டெர்மின் கணக்கில் இருக்கும் எல்லாத் திறமையும் இந்த ஜன்னலுக்கு இருக்கும் என்று புரோகிராம் நம்பும், சில இருக்காது. இந்த ஜன்னலின் கூடுதல் திறமைகள் எக்ஸ்டெர்மின் கணக்கில் இருக்காது, அவை வீணாகப் போகும். பேரேட்டில் எழுதியது தப்பில்லை. திறந்த கணக்குத்தான் வேறு ஆளுடையது.

இன்னொரு சங்கடம் திரையின் அளவு. பழைய கருவிக்கு 24 வரி என்றால் அது சாகும் வரை 24 வரிதான். ஜன்னலை மவுஸால் இழுத்துப் பெரிதாக்கலாமே! 1986-ல் வந்த 4.3பிஎஸ்டி-யில், அளவை கெர்னலிடம் கேட்கவும் அளவு மாறினால் புரோகிராமுக்கு சிக்னல் வரவும் வழி செய்தார்கள். அளவைப் பொறுத்தவரை, பேரேட்டில் இருக்கும் எண் கடைசிப் புகலிடமாகிவிட்டது.

எக்ஸ்டெர்மோடு வரும் ரீசைஸ் என்ற புரோகிராமின் தந்திரம் இன்னும் சுவாரசியம். கர்சரை 999-வது வரி, 999-வது இடத்துக்குப் போகச் சொல்லும். அவ்வளவு பெரிய திரை கிடையாது, அதனால் கர்சர் கடைசி மூலையில் போய் நிற்கும். உடனே "இப்போது எங்கே நிற்கிறாய்?" என்று கேட்கும். வருகிற பதில்தான் திரையின் அளவு!

மறுபடி நேரடிக் கேள்வி

ரீசைஸ் செய்தது நேரடிக் கேள்வி. ஆன்சர்பேக் மறுபிறவி எடுத்த மாதிரி. விடி100-லேயே இதற்கு வழி இருந்தது. எஸ்கேப், [ குறி, சி எழுத்து அனுப்பினால் தன் வகையைச் சொல்லும் ஒரு பதில் வரும். எஸ்கேப், [ குறி, 6, என் எழுத்து அனுப்பினால் கர்சர் இருக்கும் இடத்தைச் சொல்லும். இன்னும் ஒரு படி மேலே போய், டெர்ம்கேப் குறியீட்டையே அனுப்பி "உன் கணக்கில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது?" என்று எக்ஸ்டெர்மிடமே கேட்கவும் முடியும். பேரேடு இப்போது டெர்மினலின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

கேட்டால் போயிற்று, பேரேடு எதற்கு என்கிறீர்களா? அதில்தான் சிக்கல். டெர்மினலின் பதில் தனிக் கதவு வழியாக வருவதில்லை. நீங்கள் விசைப்பலகையில் தட்டும் எழுத்துக்கள் வரும் அதே வழியில்தான் வருகிறது. புரோகிராம் கவனமாக இல்லாவிட்டால் பதில் எது, நீங்கள் தட்டியது எது என்று குழம்பிவிடும். சில சமயம் ஒரு புரோகிராம் முடிந்தபின் திரையில் எண்களும் குறிகளுமாக ஏதோ கொட்டிக் கிடக்கிறதே, அது பெரும்பாலும் யாரும் வாங்கிக்கொள்ளாத பதில்.

இதை வைத்துத் திருட்டும் செய்யலாம். 2003-ல் ஹெச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பல டெர்மினல் மென்பொருள்களைச் சோதித்து இதை எழுதினார். ஒரு ஃபைலுக்குள் முதலில் "ஜன்னலின் தலைப்பை இப்படி மாற்று" என்ற கட்டளை, அடுத்து "தலைப்பு என்ன, சொல்" என்ற கேள்வி. நீங்கள் அப்பாவியாக அந்த ஃபைலைத் திரையில் காட்டினால், டெர்மினல் தலைப்பைப் பதிலாக அனுப்பும். அது நீங்களே தட்டிய கட்டளை மாதிரி ஷெல்லுக்குப் போய் நிற்கும். அதனால் எக்ஸ்டெர்ம் உட்படப் பல டெர்மினல்கள் தலைப்பைச் சொல்லும் வசதியை மூடி வைத்திருக்கின்றன. கேட்டவர் யாராக இருந்தாலும் பதில் சொல்வது ஆபத்து என்று அனுபவம் சொல்லிக் கொடுத்தது.

மூன்றாவது சிக்கல், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? தெரியாத கேள்விக்கு டெர்மினல் "தெரியாது" என்று சொல்லாது, மௌனமாக இருக்கும். லைன் மெதுவா, பதிலே வராதா என்று எப்படிப் பிரித்தறிவது? இதற்கு சி புரோகிராமர்கள் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகமான கேள்வியை அனுப்பிவிட்டு, அதன் பின்னாலேயே அநேகமாக எல்லா டெர்மினலுக்கும் தெரிந்த "உன் வகை என்ன?" என்ற கேள்வியையும் அனுப்புவது. பதில்கள் வரிசையாகத்தான் வரும். இரண்டாவது கேள்விக்கான பதில் முதலில் வந்துவிட்டால், முதல் கேள்வி அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம். காத்திருக்கத் தேவையில்லை. செய்தி முடிந்ததும் கடைசியாக ஒரு ஆன்சர்பேக் வாங்கிக்கொண்ட டெலக்ஸ்காரர்கள் இதைப் பார்த்தால் "இதைத்தானே நாங்களும் செய்தோம்" என்பார்கள்.

என் கருத்து

"இப்போது எல்லாமே விடி100 பாஷைதானே, கட்டளையை நேரடியாகப் புரோகிராமில் எழுதிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள், அப்படியே எழுதவும் செய்கிறார்கள். பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான அந்தக் கொஞ்சத்தோடு நின்றுவிடத் தயார் என்றால்தான் அது சரி. நிறம், பெரிய திரை, மவுஸ் என்று கொஞ்சம் தாண்டிப் போனாலும் "நீ யார்?" என்ற பழைய கேள்வி வந்து நிற்கிறது.

பேரேட்டில் பார்ப்பது பாதுகாப்பு. காத்திருக்க வேண்டாம், எதிர்ப்பக்கத்தை நம்ப வேண்டாம். ஆனால் அது யாரோ, என்றைக்கோ எழுதியது. நேரடியாகக் கேட்பது இன்றைய உண்மை. ஆனால் மெதுவானது, ஏமாற்றப்படலாம். ஆகவே பேரேட்டைத் திறந்து ஆரம்பித்து, முக்கியமான இடங்களில் மட்டும் கேட்டுச் சரிபார்ப்பதுதான் நல்லது. ஆடிட்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் பாக்கியை எடுத்துக்கொண்டு, பெரிய தொகைகளுக்கு மட்டும் கடனாளிக்கே கடிதம் எழுதி "இவ்வளவு தர வேண்டியது உண்மைதானா?" என்று கேட்பார்கள். புத்தகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கடிதத்தை யாரும் நிறுத்துவதில்லை.

அடுத்த முறை கருப்பு ஜன்னலைத் திறந்தால் "எக்கோ $டெர்ம்" என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். அது தன் பெயரைச் சொல்லும். நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு :-)

உங்கள் டெர்மினல் என்ன பெயர் சொன்னது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.